ஊக்கி போட்டும் வேகம் கூடவில்லை: உலோக ஒட்சைட்டுக் குளோரினேற்றத்தில் கோளாறு பார்க்கும் முறை

"சேர், ஊக்கி போட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடவா?"

உலோக ஒட்சைட்டுகளைக் குளோரினேற்றும் செயற்றிட்டத்தை எடுத்த மாணவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் என் பதில் "வேண்டாம், தம்பி" என்பதே. ஊக்கி ஒரேயொரு கோளாறுக்குத்தான் மருந்து. ஒட்சைட்டின் மேற்பரப்பில் நடக்கும் இரசாயனப் படி மெதுவாக இருந்தால் அது உதவும். குளோரின் போதாவிட்டாலோ, காபன் தீர்ந்துவிட்டாலோ, உருகிய உப்பு ஒட்சைட்டு மணிகளை மூடிவிட்டாலோ, ஊக்கியை எவ்வளவு கொட்டினாலும் பயன் இல்லை. கீழே வரும் அறிகுறிகள் பலவாக இருந்தாலும், ஒவ்வொன்றிலும் தேடுவது ஒன்றைத்தான்: இங்கே உண்மையில் எது மெதுவாக இருக்கிறது?

கிழக்கிலங்கையில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலோ சம்மாந்துறை வளாகத்திலோ இரசாயனவியல் படித்து, இறுதியாண்டில் இந்தத் தலைப்பைக் கையில் எடுத்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பாடநூல்களின் செய்முறைகள் பெரும்பாலும் குளிரும் உலர்ந்த காற்றும் உள்ள ஊர்களில் எழுதப்பட்டவை. நம் பக்கத்துச் சிரட்டைக் கரி, கடல் உப்பு ஏறிய மணல், வாடைக்காற்று மாதங்களின் ஈரம் எதுவும் அவற்றில் இல்லை. இங்கே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன.

அமைப்பு வழமையானதுதான். குழாய் உலைக்குள் பீங்கான் படகு, அதில் ஒட்சைட்டும் காபனும் ஊக்கியும். ஒரு முனையால் நைதரசனும் குளோரினும் உள்ளே போகும். மறுமுனையில் குளிர்பொறி, அதற்குப் பிறகு ஒரு வெற்றுப் போத்தல், அப்புறம் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல். ஒட்சைட்டு குளோரினோடு தாக்கமடைந்து குளோரைட்டாகி ஆவியாகப் போகும்போது படகின் எடை குறையும். அந்தக் குறைவை வைத்துத்தான் வேகத்தை அளக்கிறோம். வேறு அலகு சொல்லாத வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

தொடங்கும் முன்

இது வீட்டிலோ பாடசாலை ஆய்வுகூடத்திலோ செய்யும் வேலை அல்ல. உறிஞ்சு விசிறி வேலை செய்கிற வாயுக் கூண்டு இல்லாமலும், பொறுப்பான ஒருவர் பக்கத்தில் இல்லாமலும் குளோரின் சிலிண்டரைத் திறக்கக் கூடாது. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. கசிந்தால் தரையோடு தேங்கும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காபன் சேர்த்த குளோரினேற்றத்தில் காபனோரொட்சைட்டு வெளிவரும். அதோடு தாக்கமடையாத குளோரினும் சேர்ந்தால் பொஸ்ஜீன் என்ற கொடிய நஞ்சு வாயு உருவாகலாம், கரி அதற்கே ஓர் ஊக்கி. ஆகவே வெளிவாயுவைச் "சுத்தப்படுத்த" என்று கரி நிரப்பிய போத்தலை ஒருபோதும் வைக்காதீர்கள். கார நீர்ப் போத்தல்கள் இரண்டைத் தொடராக வையுங்கள். பொஸ்ஜீனை மூச்சில் எடுத்தவருக்கு மணிக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு நுரையீரலில் நீர் கோத்துவிடும். சந்தேகம் வந்தால் "இப்போது நல்லாத்தானே இருக்கிறேன்" என்று காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மின்வெட்டு வந்தால் விசிறியும் நிற்கும், உலையும் ஆறத் தொடங்கும். முதலில் குளோரினை மூடுங்கள். நைதரசன் ஓடட்டும், அதன் சிலிண்டருக்கு மின்சாரம் தேவையில்லை. பிறகு அறையை விட்டு வெளியேறுங்கள். ஆறும் குழாய் உள்ளே உறிஞ்சும்போது கார நீர் சூடான குழாய்க்குள் ஏறாமல் தடுக்கத்தான் நடுவில் அந்த வெற்றுப் போத்தல்.

அறிகுறி: எடை குறையவே இல்லை, எந்த ஊக்கி போட்டாலும்

முதலில் காபன் இருக்கிறதா என்று பாருங்கள். தைத்தேனியம் ஈரொட்சைட்டைக் குளோரினோடு மட்டும் சேர்த்துச் சூடாக்கினால், நாற்குளோரைட்டும் ஒட்சிசனும் வரவேண்டிய அந்தத் தாக்கத்தின் கிப்சு சக்தி மாற்றம் 1000 கெல்வினில் ஏறத்தாழ நேர் 120 கிலோயூல். அது தானாக முன்னே போகாது. வெளிவரும் ஒட்சிசனைக் காபன் பிடித்துக் காபனீரொட்சைட்டாக்கினால், மொத்தம் ஏறத்தாழ மறை 275 கிலோயூலுக்கு இறங்கிவிடும். இப்போது வழி திறந்துவிட்டது. அலுமினாவும் இதே இனம். 1825 இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் அலுமினியம் குளோரைட்டு எடுத்ததும், அலுமினாவோடு கரியைக் கலந்து சூடாக்கி அதன்மேல் குளோரினைச் செலுத்தித்தான். இன்றைக்கு வெள்ளைப் பூச்சு நிறமிக்கும் தைத்தேனியம் உலோகத்துக்கும் மூலமான நாற்குளோரைட்டைத் தொழிற்சாலைகள் ஏறத்தாழ 900 முதல் 1000 பாகையில் எடுப்பதும் இதே வழியில்.

பல அறிக்கைகளில் "காபன் ஊக்கியாகச் செயற்பட்டது" என்று எழுதியிருப்பதைக் காண்கிறேன். அப்படி எழுதாதீர்கள். காபன் செலவாகிறது, அது ஒரு தாக்கி. ஊக்கி தாக்கத்தின் கிப்சு சக்தியைத் தொடாது, சமநிலையை நகர்த்தாது. போக முடியாத தாக்கத்தைப் போகவைக்க உலகில் எந்த ஊக்கியாலும் முடியாது. இந்த வேறுபாடு மனதில் பதிந்தால் அரைவாசி வீண் சோதனைகளைத் தவிர்க்கலாம்.

எல்லா ஒட்சைட்டுக்கும் காபன் வேண்டும் என்றும் இல்லை. சுண்ணாம்பு, நாக ஒட்சைட்டு, செப்பு ஒட்சைட்டு போன்றவை காபன் இல்லாமலே குளோரினோடு தாக்கமடையும். உங்கள் ஒட்சைட்டு எந்தப் பக்கம் என்பதை, ஒட்சைட்டினதும் குளோரைட்டினதும் தோன்றற் கிப்சு சக்திகளை ஒப்பிட்டு, உலையைத் தொடும் முன் தாளில் கணக்கிட்டுவிடுங்கள்.

காபன் போட்டும் எடை குறையாவிட்டால் வெப்பவிணை, அதாவது வெப்பநிலை அளக்கும் கம்பி, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உலையின் சுவரில் 900 காட்டும்போது, குளிர்ந்த வாயு ஓடும் குழாய்க்குள் படகின் இடத்தில் வெப்பநிலை கணிசமாகக் குறைவாக இருக்கலாம். ஒட்சைட்டையும் கரியையும் தனித்தனியே கொட்டாமல் சேர்த்து அரைத்துக் கலந்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். இரண்டும் நெருங்கி இருக்கும்போது வேகம் வெகுவாகக் கூடும்.

அறிகுறி: ஊக்கி போட்டதும் போடாததும் ஒரே வேகம்

அதிகம் வருவது இதுதான். காரணங்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதால் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் குளோரின் கணக்கு. 1 கிராம் தைத்தேனியம் ஈரொட்சைட்டு முழுவதும் தாக்கமடைய, 25 பாகையில் அளந்தால் ஏறத்தாழ 613 மில்லிலீற்றர் குளோரின் வேண்டும். நீங்கள் நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் விடுகிறீர்கள் என்றால், ஒரு குமிழிகூட வீணாகாவிட்டாலும் 12 நிமிடத்துக்கு முன் அது முடியாது. உங்கள் சோதனை 15 நிமிடத்தில் முடிகிறதென்றால் நீங்கள் அளந்தது ஒட்சைட்டின் தாக்க வீதத்தை அல்ல, சிலிண்டரின் வாயுவைத் திறந்த வீதத்தை. அங்கே ஊக்கி என்ன செய்ய முடியும்? மாதிரியை 0.1 கிராமுக்குக் குறையுங்கள், அல்லது ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

ஓட்டத்தைக் கூட்டும்போது குளோரின், நைதரசன் இரண்டையும் ஒரே விகிதத்தில் இரட்டிப்பாக்குங்கள். குளோரினை மட்டும் கூட்டினால் அதன் பகுதியமுக்கமும் மாறிவிடும். அப்புறம் வேகம் கூடியது காற்றோட்டத்தாலா செறிவாலா என்று பிரிக்க முடியாது. இரண்டையும் இரட்டிப்பாக்கியும் வேகம் மாறாவிட்டால், வெளிப் பரவல், அதாவது ஓடும் வாயுவிலிருந்து குளோரின் மாதிரியை வந்தடைவது, தடையாக இல்லை என்று நம்பலாம். அடுத்ததாகப் படகில் உள்ள படையின் தடிப்பைப் பாதியாக்குங்கள். இப்போது ஒரு கிராமுக்கான வேகம் கூடினால், வாயு மணிகளுக்கிடையே ஊடுருவுவதுதான் மெதுவான படி.

மூன்றாவது சோதனை வெப்பநிலை. 800 பாகையில் ஒரு தடவை, 820 இல் ஒரு தடவை. இரசாயனப் படிதான் மெதுவானது, அதன் ஏவற்சக்தி 150 கிலோயூல் என்று வைத்தால், அந்த 20 பாகைக்கே வேகம் ஏறத்தாழ 36 சதவீதம் கூடவேண்டும். பரவல்தான் தடையாக இருந்து தோற்ற ஏவற்சக்தி 20 கிலோயூல் அளவில் இருந்தால், கூடுவது 4 சதவீதம் மட்டுமே. ஒன்று தெளிவாகத் தெரியும், மற்றது தராசின் தளம்பலுக்குள் மறைந்துபோகும். ஊக்கி வாங்கப் பணம் செலவழிக்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இவை எல்லாம் சரியென்றால் சந்தேகம் வெற்றுச் சோதனைமேல் விழவேண்டும். ஊக்கி போடாததாக நீங்கள் நினைக்கும் மாதிரியில் ஊக்கி ஏற்கெனவே இருக்கிறதா?

நம் பக்கத்தில் இது மிகச் சாதாரணம். கடற்கரையிலிருந்து எடுத்த கனிய மணலைச் சரியாகக் கழுவாவிட்டால் அதில் சோடியம் குளோரைட்டு இருக்கும். அலுமினா, களிமண் ஆகியவற்றின் காபன் குளோரினேற்றத்தில் சோடியம், பொற்றாசியம் குளோரைட்டுகள் ஊக்கிகளாக ஆராயப்பட்டவை. நீங்கள் "ஊக்கி" என்று நிறுத்துப் போட்ட அதே உப்பைக் கடல் முன்கூட்டியே போட்டுவிட்டிருக்கிறது. காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். கழுவிய நீரில் சில துளி வெள்ளி நைத்திரேற்று விட்டால் வெண்மை வராத வரை கழுவுங்கள்.

சிரட்டைக் கரி இன்னொரு ஒளிந்த ஊக்கி. அதன் சாம்பலில் பொற்றாசியம் கணிசமாக உண்டு. கரி, காரீயத்தைவிட (பென்சிலில் இருக்கும் கிராபைற்று) இயல்பாகவே வேகமாகத் தாக்கமடையும், அதன்மேல் பொற்றாசியமும் சேர்ந்தால் வெற்றுச் சோதனையே பறக்கும். ஊக்கியின் விளைவைத் தனியே காண விரும்பினால், கரியை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, உலர்த்திப் பயன்படுத்துங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இலங்கையின் நாளக் காரீயத்தால் ஒரு தொகுதி செய்யலாம். போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது. வேகம் குறைவாக இருக்கும், ஆனால் அந்த வெற்றுச் சோதனையை நம்பலாம்.

இரும்பு உரலில் அரைத்தீர்களா? அதையும் கவனியுங்கள். அரைக்கும்போது உதிரும் இரும்பு, உலைக்குள் குளோரைட்டாகிவிடும். உருகிய உப்புக் குளோரினேற்றிகளில் இரும்புக் குளோரைட்டுகள் பெரசு (குளோரின் குறைந்தது), பெரிக்கு (குளோரின் கூடியது) என்ற இரண்டு வடிவங்களுக்கிடையே மாறி மாறிக் குளோரினைக் காவிக் கொடுப்பவை. அகேற்றுக் கல்வத்தில் அரையுங்கள்.

கடைசிச் சந்தேகம்: போட்ட ஊக்கி அங்கே இருக்கிறதா? பெரிக்குக் குளோரைட்டு 315 பாகை அளவிலேயே ஆவியாகிவிடும். அலுமினியம் குளோரைட்டு 180 பாகையிலேயே பதங்கமாகும். அவற்றைத் தூளாகக் கலந்து படகில் வைத்து 900 பாகைக்கு மெதுவாக ஏற்றினால், குளோரின் திறக்கும் நேரத்தில் ஊக்கி குளிர்பொறிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். போரன் முக்குளோரைட்டின் கொதிநிலை 12.6 பாகை, அது அறையிலேயே வாயு. இப்படிப்பட்டவற்றைக் குளோரினோடு சேர்த்துத் தொடர்ந்து உள்ளே விட்டால்தான் பயன் உண்டு. படகில் இருந்தபடியே வேலை செய்ய வேண்டுமென்றால் சோடியம், பொற்றாசியம் குளோரைட்டுகள் போன்ற உயர் கொதிநிலை உப்புகள்தான் பொருத்தம்.

அறிகுறி: தொடக்கத்தில் நல்ல வேகம், பிறகு படுத்துவிடுகிறது

இதில் ஒரு வகை கோளாறே அல்ல. இல்மனைற்றில் இரும்பும் தைத்தேனியமும் ஒன்றாக இருக்கின்றன. குளோரின் முதலில் இரும்பைத்தான் எடுக்கும். கலப்பற்ற இல்மனைற்றில் பெரசு ஒட்சைட்டின் பங்கு நிறைப்படி ஏறத்தாழ 47 சதவீதம். ஒட்சைட்டின் எடை அந்த அளவு குறைந்த இடத்தை ஒட்டி வரைபு மடங்கினால், இரும்பு போய் முடிந்து தைத்தேனியத்தின் மெதுவான பகுதி தொடங்குகிறது என்று பொருள். இரண்டு பகுதிக்கும் தனித்தனி வீதம் கணக்கிடுங்கள். முழுவதையும் ஒரே சமன்பாட்டில் பொருத்தினால் கிடைக்கும் மாறிலிக்குப் பொருளே இல்லை. ஊக்கியும் இரண்டு பகுதியிலும் ஒரே மாதிரி உதவாது.

கோளாறான வகை உருகிய குளோரைட்டு. பெரசுக் குளோரைட்டு 677 பாகையிலும், மகனீசியம் குளோரைட்டு 714 இலும், கல்சியம் குளோரைட்டு 772 இலும், பொற்றாசியம் குளோரைட்டு 770 இலும், சோடியம் குளோரைட்டு 801 இலும் உருகும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை 900 பாகையில் எளிதில் ஆவியாகிப் போகாது. திரவமாக மணிகளைச் சூழ்ந்துகொள்ளும், துளைகளை அடைக்கும், மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பெரிய தொழிற்சாலைகளில் மிதக்கும் படுக்கை உலைகளுக்கு கல்சியமும் மகனீசியமும் கூடிய மூலப்பொருளை எடுக்கத் தயங்குவது இதனால்தான்.

நம் கரை மணலில் கல்சியம் எங்கிருந்து வருகிறது? சிப்பித் துண்டுகளிலிருந்து. பாசிக்குடாவிலோ கல்லடியிலோ கையில் ஒரு பிடி மணல் அள்ளிப் பாருங்கள், வெள்ளைச் சிதறல்கள் தெரியும். அவை கல்சியம் காபனேற்று. உலைக்குள் போனால் கல்சியம் குளோரைட்டாக உருகி எல்லாவற்றையும் பிசினாக்கிவிடும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில், குமிழி நிற்கும் வரை மணலைக் கழுவினால் தீர்ந்தது. காந்தத்தால் இல்மனைற்றைப் பிரித்தாலும் பெரும்பகுதி சிப்பி பின்தங்கிவிடும்.

மணலைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்துக் கரையில் இல்மனைற்று அகழ்வதற்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வந்திருக்கிறார்கள். கரை அரிப்பும் மீன்பிடித் தொழிலும் அவர்களுடைய வாழ்வாதாரக் கவலை. சோதனைக்கு ஒரு போத்தல் மணல்தானே என்று தோன்றலாம். ஆனாலும் அனுமதி கேட்டு, ஊரவர்களிடம் எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுப்பதே முறை. அவர்களுடைய கரை அது.

மூன்றாவது வாய்ப்பு, காபன் தீர்ந்துபோவது. 1 கிராம் தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு, வெளிவருவது காபனீரொட்சைட்டாக இருந்தால் 0.15 கிராம் காபன் போதும், காபனோரொட்சைட்டாக இருந்தால் 0.30 கிராம் வேண்டும். வெப்பநிலை கூடக் கூட இரண்டாவதை நோக்கிப் போகும். கரியில் ஈரமும் சாம்பலும் ஆவியாகும் பொருளும் இருப்பதால் 0.30 இலும் கூடுதலாகவே போடுங்கள். சோதனை முடிந்ததும் படகைப் பாருங்கள். மிச்சம் வெண்மையாக இருந்தால் காபன் முடிந்திருக்கிறது, கறுப்பாக இருந்தால் காரணம் வேறு.

அறிகுறி: ஊக்கி போட்டதும் வேகம் நம்பமுடியாத அளவு கூடுகிறது

சந்தோஷப்படும் முன் குளிர்பொறியைப் பாருங்கள். எடைக் குறைவுக்கு ஏற்ற அளவு நாற்குளோரைட்டு சேர்ந்திருக்கிறதா?

குழாயின் மூட்டுகளில் காற்று கசிந்தால் காபன் எரிந்து எடை குறையும். பொற்றாசியம், சோடியம் உப்புகள் காபன் எரிவதையும் ஊக்குவிக்கும். ஆக, நீங்கள் ஊக்கி போட்டபோது கூடியது குளோரினேற்றமா, கரி எரிந்த வேகமா? தராசு இரண்டையும் பிரித்துச் சொல்லாது. சரியாகக் கருக்காத கரியிலிருந்து ஆவிப்பொருள் வெளியேறுவதும், 800 பாகைக்கு மேல் ஊக்கி உப்பே கொஞ்சம் ஆவியாவதும் இதே கணக்கில் சேர்ந்துவிடும்.

கரியை முதலில் நைதரசனில், சோதனை செய்யப்போகும் வெப்பநிலையிலேயே எடை மாறாத வரை வாட்டுங்கள். பிறகு ஒட்சைட்டுக்குப் பதிலாகத் தாக்கமடையாத ஒன்றோடு கரியையும் ஊக்கியையும் வைத்து, நைதரசன் மட்டும் விட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். அந்த எடைக் குறைவை மற்றச் சோதனைகளிலிருந்து கழிக்க வேண்டும். கழிக்க வேண்டிய அளவு பெரிதாக இருந்தால் கழிப்பதை விட்டுவிட்டு முதலில் கசிவைத் திருத்துங்கள். முடிந்தால் பொறியில் சேர்ந்த தைத்தேனியத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடுவதே நல்லது. கொஞ்சம் வேலை கூட, ஆனால் கிடைக்கும் எண் உண்மையானது.

அறிகுறி: எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது

ஆவியாகாத குளோரைட்டு உண்டாகிறது. 1 கிராம் சுண்ணாம்பு 1.98 கிராம் கல்சியம் குளோரைட்டாகும், அவ்வளவுதான் விடயம். இல்லையென்றால் படகை வெளியே எடுத்து நிறுத்தபோது அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சியிருக்கிறது. மழைக் காலத்தில் தராசின்மேலேயே எண் ஏறுவதைக் கண்ணால் காணலாம். உலர்த்திக்குள் ஆறவிட்டு, மூடிய நிறுவைப் போத்தலில் நிறுங்கள்.

அறிகுறி: வெளிமுனையில் வெண்புகை, குழாய் அடைப்பு

வெண்புகை என்றால் நீர். தைத்தேனியம் நாற்குளோரைட்டு நீராவியைக் கண்டதும் ஈரொட்சைட்டாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் மாறிவிடும். நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்த தாக்கம் குழாயின் வாயிலேயே திரும்பிப் போகிறது. ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் இந்தத் தொல்லை கூடும், உலர்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் குறையும். ஆகவே முக்கியமான தொகுதியைக் கச்சான் காலத்தில் செய்து முடிக்கத் திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

குளோரினைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தின் ஊடாக விட்டு உலர்த்துங்கள். சோடியம் ஐதரொட்சைட்டோ சுடுசுண்ணாம்போ குளோரினோடேயே தாக்கமடையும், அவற்றை உலர்த்தியாக வைக்கக் கூடாது. நீரைப் பெரும்பாலும் உள்ளே கொண்டுபோவது வாயு அல்ல, கரி. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சூடான குழாய்க்குள் அந்த நீர் குளோரினையும் காபனையும் பிடித்து ஐதரசன் குளோரைட்டாக்கிவிடும். உங்கள் குளோரின் கணக்கில் துண்டு விழும். படகை வைத்த பிறகு நைதரசன் ஓட்டத்தில் 300 பாகையில் நீண்ட நேரம் வைத்திருந்து, பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும்.

அடைப்பு அவசரமானது. செங்கபிலமாகப் படிந்தால் பெரிக்குக் குளோரைட்டு, வெளிர்மஞ்சளாகவோ வெண்மையாகவோ படிந்தால் அலுமினியம் குளோரைட்டு. உலையின் வாயில் குழாய் குளிரும் இடத்தில் இவை திண்மமாகிவிடும். உள்ளே அமுக்கம் ஏறினால் மூட்டுகள் கழன்று குளோரின் அறைக்குள் வரும். வெளிப்போத்தலில் குமிழி குறைவதுதான் முதல் எச்சரிக்கை. அதைக் கண்டவுடன் குளோரினை மூடுங்கள், "இன்னும் ஐந்து நிமிடம்" வேண்டாம். அடுத்த தடவை அந்த இடத்தைச் சூடாக்கும் நாடாவால் சுற்றுங்கள், அல்லது அகலமான குழாயைப் போட்டுத் திண்மம் சேர இடம் விடுங்கள். நாற்குளோரைட்டின் கொதிநிலை 136 பாகை. ஆகவே முன்னால் ஒரு சூடான பொறியில் இரும்பைப் பிடித்துவிட்டு, பின்னால் குளிர்ந்த பொறியில் தைத்தேனியத்தைத் தூய்மையாகச் சேர்க்கலாம்.

அறிகுறி: ஒரே சோதனை, இரண்டு விடை

குழாயைச் சந்தேகியுங்கள். போன தடவை போட்ட ஊக்கியின் ஆவி சுவரில் படிந்திருக்கும், இன்றைய வெற்றுச் சோதனையில் அது இறங்கி வந்து வேலை செய்யும். வெற்றுச் சோதனைகள் அனைத்தையும் முதலில் முடித்துவிடுங்கள், ஊக்கிச் சோதனைகளை அப்புறம் செய்யுங்கள். வசதி இருந்தால் இரண்டுக்கும் தனிக் குழாய் வையுங்கள். கார உலோக உப்புகள் சிலிக்காக் குழாயையும் உயர் வெப்பத்தில் மெல்ல அரித்து மங்கவைக்கும். மங்கிய இடம் கண்டால் அந்தக் குழாயை ஒதுக்கிவிடுங்கள்.

கரிக் கூடு மாறியதா என்றும் கேளுங்கள். இரண்டு இடத்தில் வாங்கிய சிரட்டைக் கரி ஒரே பொருள் அல்ல. முழுச் செயற்றிட்டத்துக்கும் போதுமான கரியை ஒரே தடவையில் வாங்கி, அரைத்து, கழுவி, வாட்டி, ஒரே போத்தலில் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஊக்கியைக் கூட்டக் கூட்ட வேகம் குறைகிறது

மேலே சொன்ன உருகல்தான். கொஞ்சமாக இருக்கும்போது உப்பு மேற்பரப்பில் வேலை செய்யும், கூடினால் துளைகளை நிரப்பிக் குளோரினுக்கு வழி மறிக்கும். இரண்டு உப்பைக் கலந்தால் இன்னும் எளிதில் உருகும். சோடியம், பொற்றாசியம் குளோரைட்டுக் கலவை ஏறத்தாழ 657 பாகைக்கே இறங்கிவிடும். நிறைப்படி 1 சதவீதத்திலிருந்து தொடங்கிச் சிறிய படிகளாக ஏறுங்கள், உச்சம் எங்கே என்று தெரியும்.

அறிகுறி: வேண்டாத ஒட்சைட்டு முன்னே ஓடுகிறது

களிமண்ணிலிருந்து அலுமினியம் குளோரைட்டு எடுக்கப் போனவர்களுக்கு இது வரும். பொறியில் 57 பாகைக்குக் கொஞ்சம் மேலே கொதிக்கும் ஒரு திரவம் சேர்ந்தால் அது சிலிக்கன் நாற்குளோரைட்டு. உங்கள் குளோரினைச் சிலிக்கா தின்றிருக்கிறது. எல்லா ஊக்கியும் எல்லா ஒட்சைட்டுக்கும் நண்பன் அல்ல. போரன் முக்குளோரைட்டு சிலிக்காவின் குளோரினேற்றத்தையும் தூண்டும், அலுமினா மட்டும் வேண்டியவர் அதைத் தொடக்கூடாது. கார உலோகக் குளோரைட்டுகள் அலுமினாவுக்குச் சாதகமானவை. வெளிவரும் சிலிக்கன் நாற்குளோரைட்டையே குளோரினோடு திருப்பி உள்ளே விட்டால், சிலிக்காவின் தாக்கம் பின்வாங்கும். இது ஊக்கியின் வேலை அல்ல, சமநிலையின் வேலை. அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

அறிகுறி: அரீனியஸ் வரைபு நேர்கோடாக வரவில்லை

எல்லாம் ஒழுங்காகி, ஊக்கியோடும் ஊக்கி இல்லாமலும் பல வெப்பநிலைகளில் வீதம் எடுத்து, வீதமாறிலியின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே குறித்திருக்கிறீர்கள். இரண்டு கோடுகளும் சமாந்தரமாக இருந்து ஒன்று மேலே நின்றால், ஏவற்சக்தி மாறவில்லை, தாக்கம் நடக்கும் இடங்களின் எண்ணிக்கையோ தொடுகையோ கூடியிருக்கிறது. சாய்வே குறைந்திருந்தால் ஊக்கி வேறொரு பாதையைத் திறந்திருக்கலாம். ஆனால் அப்படி முடிவுசெய்ய அவசரப்படாதீர்கள். ஊக்கியால் வேகம் கூடியதும் பரவல் தடையாக வந்துவிட்டிருந்தாலும் சாய்வு குறையும். மணியின் துளைகளுக்குள் பரவுவது மெதுவான படியானால் தோற்ற ஏவற்சக்தி உண்மையானதன் பாதிக்கு இறங்கும். 160 கிலோயூல் இருந்த இடத்தில் 80 வந்தால், "ஊக்கி ஏவற்சக்தியைப் பாதியாக்கியது" என்று எழுதத் தோன்றும் சரியான இடம் அதுதான்.

பிரித்தறிய, ஊக்கி போட்ட மாதிரியை இன்னும் நுண்ணியதாக அரைத்து, அதே வெப்பநிலைகளில் மீண்டும் செய்யுங்கள். சாய்வு பழைய மதிப்பை நோக்கித் திரும்பினால் நீங்கள் கண்டது பரவல். திரும்பாவிட்டால் ஊக்கியின் பாதை உண்மை. வரைபு உயர் வெப்பநிலைப் பக்கம் மட்டும் தட்டையாக வளைந்தால், வளைவுக்கு அப்பாலுள்ள புள்ளிகளை நேர்கோட்டுக் கணக்கில் சேர்க்காமல் வரைபில் மட்டும் காட்டிவிட்டு, கோடு எந்த வெப்பநிலை வரை செல்லுபடியாகும் என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.